ஐயாயிரத்து நாற்பத்தொன்றாவது இலை

கையை எடுத்து உள்ள வச்சுக்கோ பவுனு. காலையும் மடக்கிக்கோ. ம்... இப்ப சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு எண்ணிக்கை இருந்துச்சாம். ராஜா கிடையாது, ராணி கிடையாது. எண்ணிக்கைதான் அந்த ஊரையே ஆண்டுச்சு. அந்த எண்ணிக்கை என்ன தெரியுமா? ஐயாயிரத்து நாப்பது. அந்த ஊர்ல ஐயாயிரத்து நாப்பது பேர்தான் இருக்கலாம். ஒண்ணு கூடக் கூடாது, ஒண்ணு குறையக் கூடாது.

ஏன்னா கேட்டே? சொல்றேன்.

அந்த ஊருக்கு மேல ஒரு பெரிய ஏரி. கடல் மாதிரி கிடக்கும். ஒரு ஐப்பசி மழையில ஏரிக்கரை உடைஞ்சுபோச்சு. தண்ணி கடகடகடன்னு ஊரைப் பாத்து ஓடி வருது. அப்போ ஏரிக்கு அடியில தூங்கிட்டிருந்த பூதம் எழுந்து வந்து, உடைஞ்ச இடத்துல தன் முதுகைக் குடுத்து உட்கார்ந்துச்சு. தொம்! தண்ணி நின்னுபோச்சு.

ஜனங்க எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்போ பூதம் சொல்லுச்சாம்: "கும்பிடெல்லாம் வேண்டாம். எனக்குப் பசிக்கும். வருஷத்துல ஒரு நாள், அறுப்பு முடிஞ்ச மறுநாள், ஊரே மைதானத்துக்கு வரணும். நான் விரல் காட்டுவேன். ஏழு விரல் காட்டினா ஏழு ஏழு பேரா நிக்கணும். எட்டு காட்டினா எட்டு எட்டு பேரா. எல்லாரும் சரியா நின்னுட்டா, நான் அந்த வருஷம் பட்டினி. வரிசையில சேராம யாராவது மிஞ்சினா, அவங்க எனக்கு."

"மூணு தடவை பாப்பேன். முதல் ரெண்டு தடவை எண்ணை நான் சொல்லுவேன். மூணாவது தடவை நீங்களே சொல்லலாம். மூணுல ஒண்ணு சரியா வந்தாலும் போதும். ஆனா ஒத்தை ஆளை நிறுத்தி வரிசைன்னு சொல்லக் கூடாது. ஊரையே ஒரே வரிசையா நிறுத்தவும் கூடாது."

கேக்கறியா?

ம்.

முதல் வருஷம் ரெண்டு பேர் மிஞ்சினாங்க. மறு வருஷம் நாலு பேர். அதுக்கு மறு வருஷம் ஏழு பேர். யார் மிஞ்சுவாங்க தெரியுமா? ஊருக்குக் கடைசியா வந்தவங்க. அந்த ஊர்ல எல்லாத்துக்கும் வந்த வரிசைதான். முதல்ல வந்த குடும்பம் முதல்ல நிக்கும், கடைசியா வந்தவங்க கடைசியில நிப்பாங்க. அதனால வரிசை போட்டா வால்ல இருக்கறவங்கதான் மிஞ்சுவாங்க.

அப்புறம் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தர், ஒரு வருஷம் பூரா புளியங்கொட்டையைப் பரப்பி வச்சுக்கிட்டு உட்கார்ந்தார். பூதத்துக்கு ரெண்டு கை, பத்து விரல். பத்துக்கு மேல அது காட்டவே முடியாது. அப்போ ரெண்டுலேருந்து பத்து வரைக்கும் எதைக் காட்டினாலும் மிச்சம் விழாத ஒரு எண் வேணும். தேடினார், தேடினார். ரெண்டாயிரத்து ஐநூத்தி இருபதுன்னு ஒண்ணு கிடைச்சுது. அதுக்குக் கீழ வேற கிடையாது. ஆனா அந்த எண்ணுக்கு வரணும்னா பாதி ஊரை விரட்டணுமே? அதனால அதை ரெட்டிப்பாக்கினார். ஐயாயிரத்து நாப்பது.

அழகான எண் அது பவுனு. ஏழு ஏழா நிறுத்தினா எழுநூத்தி இருபது வரிசை. எட்டு எட்டா நிறுத்தினா அறுநூத்தி முப்பது. ஒம்பது ஒம்பதா நிறுத்தினா ஐநூத்தி அறுபது. பத்துப் பத்தா நிறுத்தினா ஐநூத்தி நாலு. ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க.

அப்போ ஊர்ல ஐயாயிரத்து ஐம்பத்தேழு பேர் இருந்தாங்க. பதினேழு பேரை வெளியே அனுப்பினாங்க. அன்னையிலேருந்து பூதம் வரும், விரல் காட்டும், முதல் தடவையிலயே எல்லாரும் சரியா நின்னுடுவாங்க. பூதம் உதட்டைப் பிதுக்கிட்டுப் போயிடும். மூணாவது தடவைன்னு ஒண்ணு இருக்கறதே ஊருக்கு மறந்துபோச்சு.

சரி, ஊர்னா பிள்ளை பிறக்குமே? அப்போ என்ன பண்ணுவாங்க?

அங்கதான் கஷ்டம். ஒரு பிள்ளை பிறந்தா, அந்த வீட்டுல வயசானவங்க ஒருத்தர் கிளம்பணும். கிழக்கே கல்லாங்காடு. அங்க தண்ணி கிடையாது, நிழல் கிடையாது. கையில ஒரு சட்டி கூழ் குடுத்து அனுப்புவாங்க. கூழ் தீர்ற வரைக்கும் நடக்கலாம். யாரும் திரும்பி வந்ததில்ல.

ஊர்ல யாராவது செத்தா? அப்போ ஒருத்தர் குறையுமே. வெளியூர்ல பஞ்சத்துல கிடக்கற யாரையாவது கூட்டிட்டு வந்து எண்ணிக்கையை நிரப்புவாங்க. அப்படி வந்தவங்க எழுபது பேர் இருந்தாங்க. ஊர்க்காரங்க அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. "வந்தவங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

ம்?

ம்.

அந்த ஊர்ல சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தா. ஊர் விருந்துக்கு மைதானத்துல இலை போடறது அவ வேலை. அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை. அது பிறந்தப்போ அவ மாமியார் குருவாயி கூழ்ச் சட்டியைத் தூக்கிட்டுக் கிழக்கே போயிட்டா. இப்ப சிலம்பாயி மறுபடியும் நிறை மாசம். இந்தத் தடவை போக வேண்டியவர் அவ மாமனார் சடையாண்டி.

சடையாண்டி தயாராத்தான் இருந்தார். "விருந்து முடிஞ்சு பத்து நாள் கழிச்சுத்தானே பிள்ளை வரும்? விருந்துச் சோத்தைச் சாப்பிட்டுட்டே போறேன்"னு சிரிச்சார்.

"மாமா, அப்படிப் பேசாதீங்க"ன்னு சிலம்பாயி அழுவா.

"எப்படிப் பேசணும்? போய்த்தானே ஆகணும்? உன் அத்தை அங்க வழியைப் பெருக்கி வச்சிருப்பா"ன்னு சொல்லுவார் அவர்.

அறுப்பு முடிஞ்சுது. மறுநாள் உச்சி வெயில்ல ஊரே மைதானத்துக்கு வந்துச்சு. சிலம்பாயி விடியக்காலையிலேயே வந்து இலை போட்டுட்டா. இடுப்பு வலிக்குது, ஆனா சூட்டு வலின்னு நினைச்சுக்கிட்டா. பூதம் வந்துச்சு. தொம்... தொம்... தொம்... கால் கட்டைவிரலால மைதானத்தைச் சுத்திக் கோடு கிழிச்சுது. சர்ர்ர்ர்! கோடு கிழிச்சாச்சுன்னா யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது.

பூதம் ஏழு விரல் காட்டுச்சு.

ஊர்த்தலைவர் ராக்கண்ணன் சிரிச்சுக்கிட்டே, "ஏழு ஏழா நில்லுங்கப்பா"ன்னார். புளியங்கொட்டைக்காரரோட பேரன் அவர். "எங்க தாத்தா கண்டுபிடிச்ச எண்ணு இது"ன்னு வருஷா வருஷம் பூதத்துக்கிட்டயே பெருமை அடிச்சுக்குவார். எல்லாரும் சர சரன்னு ஏழு ஏழா நின்னாங்க. சிலம்பாயிக்கு வலி கூடவே, அவ வரிசை இலைக்கட்டு நிழல்ல நின்னுச்சு. எழுநூத்தி இருபது வரிசை. சரியா வந்துச்சு.

அப்போ இலைக்கட்டு நிழல்லேருந்து ஒரு சத்தம்.

குவா... குவா... குவா...

மைதானம் அப்படியே நின்னுபோச்சு. மருத்துவச்சி வெள்ளைத்தாயி ஓடினா. சிலம்பாயிக்குப் பிரசவம் ஆயிடுச்சு. ஆம்பளைப் பிள்ளை. பத்து நாள் முன்னாடியே வந்துட்டான்.

பூதம் குனிஞ்சு பாத்துச்சு. நாக்கைச் சப்புக் கொட்டுச்சு. "ஒண்ணு மிச்சம்"னு சொல்லுச்சு.

"அதெப்படி? இப்பத்தானே பிறந்தது! இன்னும் பேர்கூட வைக்கல"ன்னார் ராக்கண்ணன்.

"மூச்சு விடுதில்ல? அப்போ ஒண்ணு."

சடையாண்டி கோட்டுக்கிட்ட ஓடினார். "நான் போயிடறேன்! இப்பவே கல்லாங்காட்டுக்குப் போயிடறேன், எண்ணிக்கை சரியாயிடும்!" ஆனா கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினா கால் நகரல. கல்லு மாதிரி நின்னுபோச்சு. "சரி, அப்போ என்னை எடுத்துக்கோ, கிழவன்தானே"ன்னு பூதத்துக்கிட்டக் கெஞ்சினார்.

"கடைசியா வந்தவங்கதான் எனக்கு. இது உங்க ஊர் வழக்கம்தானே? நானா வச்சேன்?"னு பூதம் கேட்டுச்சு.

அவர் தலையில அடிச்சுக்கிட்டார்.

அழாதே கண்ணு. கதை இன்னும் இருக்கு. பெரியம்மா கையைப் பிடிச்சுக்கோ.

ரெண்டாவது தடவை பூதம் ஒம்பது விரல் காட்டுச்சு. மெதுவா, ஒவ்வொண்ணா நீட்டி நீட்டிக் காட்டுச்சு. ஜனங்க ஓடி ஓடி நின்னாங்க. ஐநூத்தி அறுபது வரிசை. ஒவ்வொரு வரிசையிலயும் ஒம்பது பேர். சிலம்பாயி பிள்ளையோட நிக்கிறா. அவளுக்கு வரிசையில இடம் இருக்கு, அவ கையில இருக்கறதுக்கு இல்ல. எப்படி நிறுத்தினாலும் ஐயாயிரத்து நாப்பதும் சரியாப் போயிடும் பவுனு. அந்த ஒண்ணு மட்டும் தனியா நிக்கும். எட்டுன்னாலும் அந்த ஒண்ணு. பத்துன்னாலும் அந்த ஒண்ணு.

"ஒண்ணு மிச்சம்"னு சொல்லுச்சு பூதம். "மூணாவது தடவை. எண்ணை நீங்க சொல்லுங்க. மதகுத் தூணோட நிழல் இந்தக் கோட்டைத் தொடற வரைக்கும் நேரம். நின்னு பாத்துட்டுச் சொல்லலாம். என் முகத்தைப் பாத்துச் சொல்லிட்டா மாத்தக் கூடாது."

ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. மூணாவது தடவையா? அது என்ன? யாருக்கும் ஞாபகமே இல்ல.

"பதினொண்ணு!"ன்னு யாரோ கத்தினாங்க. பதினொண்ணு பதினொண்ணா நின்னு பாத்தாங்க. மூணு பேர் மிஞ்சினாங்க. பிள்ளையோட சேத்து, கடைசியா ஊருக்கு வந்த ரெண்டு பேரும். அந்த ரெண்டு பேரும் "ஐயோ"ன்னு அலறினாங்க.

"பன்னெண்டு!" நின்னு பாத்தாங்க. மறுபடியும் ஒண்ணு.

"பதிமூணு!" நின்னு பாத்தா பத்துப் பேர் மிஞ்சினாங்க. பத்துப் பேர்! மைதானத்துல குசுகுசுன்னு பேச்சு எழுந்துச்சு.

அப்போ ராக்கண்ணன் கையைத் தூக்கினார். "போதும்யா. பெரிசா ஏதாவது சொல்லப்போய் பத்துப் பேர் போறதுக்கா? பத்துன்னே சொல்லிடுவோம். ஒண்ணோட போயிடும்."

ராக்கண்ணன் ஜனங்களைச் சுத்திப் பாத்தார்.

"ஒரு பச்சைப் பிள்ளைதானே? அது ஊரை இன்னும் கண்ணால பாக்கக்கூட இல்ல. அது போயிட்டா நாம மறுபடியும் ஐயாயிரத்து நாப்பது. நாளைக்கு எல்லாம் சரியாயிடும்"னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

ஐயாயிரம் பேரும் தரையைப் பாத்தாங்க. தரையைப் பாத்தா சரின்னு அர்த்தம்.

அதான் அந்த ஊர்ல நடந்ததுலயே ரொம்ப மோசமான நேரம். பூதம் பண்ணினதைவிட மோசம்.

ம்?

...ம்.

சிலம்பாயி எழுந்தா. புடவையெல்லாம் ரத்தம். வெள்ளைத்தாயி, "உட்காருடி, விழுந்துடுவே"ன்னு பிடிச்சா. சிலம்பாயி கேக்கல. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, விருந்துக்கு இலை போட்டிருந்த இடத்துக்கு நடந்தா.

அங்க எப்பவும் எழுபத்திரண்டு வரிசை. வரிசைக்கு எழுபது இலை. அவ கையால போட்டது. முதல் வரிசை ராக்கண்ணன் குடும்பத்துக்கு. எழுபத்திரண்டாவது வரிசை, கடைசி வரிசை, "வந்தவங்க"ளுக்கு.

அவ போய்க் கடைசி வரிசையோட இலைகளை ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கினா. சரக், சரக், சரக்.

"அங்க என்ன பண்றே?"ன்னு ராக்கண்ணன் கத்தினார்.

"என் பிள்ளைக்கு இலை போடறேன்."

"பைத்தியமா உனக்கு? அந்த இலையெல்லாம் வேற ஆளுங்களுது."

அடுக்கின எழுபது இலையையும் கையில எடுத்துக்கிட்டா. எழுபத்தொண்ணாவது வரிசைக்குப் போய், அதோட ஓரத்துல ஒரு இலையை வச்சா. இப்ப அந்த வரிசையில எழுபத்தொண்ணு இலை. அடுத்த வரிசைக்குப் போனா, ஓரத்துல ஒரு இலை. அதுக்கு அடுத்த வரிசை, ஒரு இலை. இப்படியே பின்னாலேருந்து முன்னால வந்தா. பிள்ளை தோள்ல முனகுது. நிழல் நகருது. மாமனார் சடையாண்டி பின்னாலயே போய் அவ தடுமாறும்போதெல்லாம் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டார்.

ரெண்டாவது வரிசை ஓரத்துல ஒரு இலையை வச்சப்போ, கையில இருந்த இலை தீர்ந்துபோச்சு. முதல் வரிசைக்கு இலை இல்ல.

கூட்டத்துல ஒருத்தன், "பாத்தியா, ஒண்ணு குறையுது!"ன்னான்.

சிலம்பாயி திரும்பிப் பாத்தா. "குறையறது ஒண்ணு. என் கையில இருக்கறதும் ஒண்ணு"ன்னா.

புரியுதா பவுனு? கடைசி வரிசையைக் கலைச்சுட்டா, மிச்சம் இருக்கறது எழுபத்தொரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஆள் கூடுதலா வேணும். கலைஞ்ச வரிசையில எழுபது பேர். இன்னும் ஒரே ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் அப்பப் பிறந்த பிள்ளை. எழுபத்தொரு வரிசை, வரிசைக்கு எழுபத்தொரு பேர். ஐயாயிரத்து நாப்பத்தொண்ணு. அவன் மிச்சமே இல்ல. அவன் இல்லேன்னாதான் குறையும்.

சடையாண்டிக்குப் புரிஞ்சுபோச்சு. கிழவர் குழந்தை மாதிரி கை தட்டினார். எல்லாரையும் அவங்கவங்க விருந்து இடத்துல உட்கார வச்சார்.

ஆனா இலையைத் தூக்கி வைக்கிறது சுலபம். ஆளுங்க எழுந்து வரணுமே?

சிலம்பாயி கடைசி வரிசைக்காரங்ககிட்டப் போனா. அங்க பொம்மக்கான்னு ஒருத்தி இருந்தா. ராக்கண்ணனோட அம்மா செத்தப்போ, அந்த எண்ணிக்கையை நிரப்பக் கூட்டிட்டு வந்தவ.

"அக்கா, நீங்க எழுபது பேரும் ஆளுக்கொரு வரிசைக்குப் போய் உட்காரணும்."

பொம்மக்கா அவளை ஏற இறங்கப் பாத்தா. "எழுந்திரின்னு சொல்றதுக்கு மட்டும் எங்க ஞாபகம் வரும் உங்களுக்கு. நாங்க எழுந்து போறோம், அந்த வரிசைக்காரங்க இடம் விடலேன்னா என்ன ஆகும்? எங்க வரிசையும் போச்சு, அவங்க வரிசையும் இல்ல. எழுபது பேரும் மிச்சம். தெரியுமில்ல?"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"ஆமா அக்கா. எனக்கு வேற வழி தெரியல."

அப்போ முதல் வரிசைப் பக்கத்துலேருந்து சத்தம் வந்துச்சு. "வந்தவங்க எங்க வரிசையில உட்கார்றதா? எங்க இலைக்குப் பக்கத்து இலையிலயா? அதெல்லாம் நடக்காது." ரெண்டாவது வரிசையும் முணுமுணுத்துச்சு. மூணாவது வரிசையும் முணுமுணுத்துச்சு. பூதம் கன்னத்துல கையை வச்சுக்கிட்டு ரசிச்சுப் பாத்துச்சு. நிழல் கோட்டுக்கு ஒரு முழம் பக்கத்துல வந்தாச்சு.

பொம்மக்கா அந்தக் குழந்தை முகத்தைப் பாத்தா. அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்துச்சாம், பஞ்சத்துல போயிடுச்சாம். அதை யாருக்கிட்டயும் சொன்னதில்ல. அவ எழுந்து நின்னு புடவையை உதறினா.

"எங்க ஆளுங்களே, எழுந்திரிங்க. இதுவரைக்கும் செத்தவங்க இடத்துல உட்கார்ந்தோம். இன்னைக்குப் பிறந்தவனுக்காக உட்காருவோம்"னா.

எழுபது பேரும் எழுந்தாங்க.

எழுபது பேர் மைதானத்து நடுவுல தனியா நிக்கிறாங்க பவுனு. எந்த வரிசையிலயும் இல்ல. பூதம் எச்சில் விழுங்குச்சு. களுக்.

அந்த நேரத்துலதான் சிலம்பாயி பூதத்தோட முகத்தைப் பாத்து எண்ணைச் சொன்னா. "எழுபத்தொண்ணு!"

சொல்லியாச்சு. இனி மாத்த முடியாது.

அவங்க நடந்தாங்க. ஒவ்வொருத்தரா ஒவ்வொரு வரிசை ஓரத்துக்குப் போனாங்க. பின்னால இருக்கற வரிசைக்காரங்க நகர்ந்து இடம் விட்டாங்க. நடு வரிசைக்காரங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டே விட்டாங்க. அஞ்சாவது வரிசையில ஒருத்தன் ஓர இலை மேல காலை நீட்டிக்கிட்டு, "இங்க ஆள் இருக்கு"ன்னான்.

மருத்துவச்சி வெள்ளைத்தாயி போய் அந்தக் காலுல பளார்னு ஒண்ணு வச்சா. "மடக்குடா! இந்தக் காலைப் பிடிச்சு உன்னை வெளியே இழுத்தவ நான். தலைகீழா வந்தே, அன்னைக்கே தெரியும் நீ இப்படித்தான்னு."

அவன் மடக்கிட்டான்.

கடைசியில முதல் வரிசை. அங்க எழுபது பேர். ஓரத்துல ஒரு இடம் காலி. ராக்கண்ணனுக்குப் பக்கத்து இடம். சிலம்பாயி இலைக்கட்டுலேருந்து ஒரு இலையை நறுக்கி அங்க போட்டா. பிள்ளையைத் தோள்லேருந்து இறக்கி அந்த இலை மேல படுக்க வச்சா. பச்சை இலையில சிவப்பா, கைப்பிடி அளவு. குளிர்ச்சி பட்டதும் காலை உதைச்சான். அப்புறம் அவ ஓடிப்போய் அவ வரிசையில, அவ இடத்துல உட்கார்ந்தா.

நிழல் கோட்டைத் தொட்டுச்சு.

பூதம் எண்ண ஆரம்பிச்சுது. ஒரு வரிசைக்குப் பத்து விரலையும் ஏழு தடவை மடக்கணும், மேல ஒண்ணு. அப்புறம் அடுத்த வரிசை. அப்புறம் அடுத்தது. தொம்... தொம்... எழுபத்தொரு வரிசையையும் எண்ணி முடிச்சப்போ பொழுது சாயற நேரம். முதல் வரிசைக்கு வந்து பிள்ளை மேல குனிஞ்சுது. மூக்கை ரொம்பப் பக்கத்துல கொண்டுபோச்சு. சிலம்பாயி எழுந்து ஓட முடியாது. எழுந்தா வரிசை குறைஞ்சுடும். கையால மண்ணைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

"...எழுபத்தொண்ணு"ன்னு பூதம் சொல்லுச்சு. "நீளத்துல எழுபத்தொண்ணு, அகலத்துல எழுபத்தொண்ணு. மிச்சம் இல்ல."

பிழைச்சுட்டான் பவுனு. பிழைச்சுட்டான்.

ம்.

பூதம் கோட்டை அழிச்சுட்டுக் கிளம்பிச்சு. அப்போ சடையாண்டி எழுந்து, "ஒரு கேள்வி"ன்னார். "இந்த மூணாவது தடவை எப்பவுமே இருந்துச்சா?"

"முதல் நாளே சொன்னேனே. உங்க பெரியவங்க மூணு வருஷம் பத்துக்குள்ளயே கத்தினாங்க. அப்புறம் யாருமே கேக்கல."

"ஐயாயிரத்து நாப்பத்தொண்ணுக்கு மட்டும்தானா இப்படி ஒரு வரிசை இருக்கு?"

பூதம் சிரிச்சுது. அந்தச் சிரிப்புல கரை அதிர்ந்துச்சு. "ஊர்ல ஐயாயிரத்து ஐம்பத்தேழு பேர் இருந்தப்போ, பதினேழு பேரை அனுப்பினீங்களே, பதிமூணு பதிமூணா நின்னிருந்தா அன்னைக்கே யாரும் மிஞ்சியிருக்க மாட்டீங்க. எத்தனையோ எண்ணுக்கு எங்கயாவது ஒரு வரிசை இருக்கு. நீளமாத் தேடணும், அவ்வளவுதான். அபூர்வமாத்தான் எதுக்கும் மடங்காத எண் வரும். இந்தப் பிள்ளை பிறக்காம, நேத்து உங்கள்ல ஒருத்தர் செத்திருந்தா ஐயாயிரத்து முப்பத்தொம்பது. அது ஒண்ணுக்கும் மடங்காது. ரெண்டு, மூணு, எழுபது, ஆயிரம், எதைச் சொன்னாலும் மிச்சம் விழும். அந்த மாதிரி எண்ணுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன். கல்லாங்காட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லி நான் எப்பக் கேட்டேன்?"

சொல்லிட்டு, தொம் தொம்னு போய் ஏரிக்கரையில முதுகைக் குடுத்து உட்கார்ந்துச்சு.

எல்லாரும் கிழக்கே பாத்தாங்க. அங்க அனுப்பினது எத்தனை பேர்? யாருக்கும் தெரியல. எல்லாத்தையும் எண்ணற ஊர், அதை மட்டும் எண்ணவே இல்ல. வீட்டுக்கு ஒருத்தர். சில வீட்டுல மூணு பேர். ராக்கண்ணனோட அப்பாவும் அங்கதான் போனார். அன்னைக்குக் கூழ்ச் சட்டியை எடுத்துக் குடுத்தது ராக்கண்ணன்தான்.

சடையாண்டி தரையில உட்கார்ந்து, "குருவாயி, குருவாயி"ன்னு ரெண்டே தடவை சொன்னார். அவ்வளவுதான்.

என்ன கண்ணு?

அவங்கல்லாம் திரும்பி வந்தாங்களா?

இல்லடி. வரல. பெரியம்மா உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் ஊரே கல்லாங்காட்டுக்குப் போய்த் தேடுச்சு. ஆனா அந்த வருஷத்துக்கு அப்புறம் எந்த வீட்டுலேருந்தும் யாரும் போகல. பிள்ளைங்க பிறந்தாங்க, ஒவ்வொரு தடவையும் ஊர் உட்கார்ந்து புதுசா ஒரு வரிசையைத் தேடுச்சு. சடையாண்டி ரொம்ப நாள் இருந்தார்.

அன்னைக்கு விருந்து? அண்டா அண்டாவாச் சோறு. எழுபத்தொரு வரிசைக்கும் பரிமாறினாங்க. ராக்கண்ணன் சோத்தைக் கையில எடுத்தார், வாய்க்குப் போகல, இலையிலயே வச்சுட்டார். பக்கத்து இலையில பிள்ளை அழ ஆரம்பிச்சுது. அவர் குனிஞ்சு ரெண்டு கையாலயும் அவனைத் தூக்கி, எழுந்து போய் சிலம்பாயி மடியில விட்டார். அவ அவர் முகத்தைப் பாக்கல.

பூதம் பட்டினி. ஊரும் பட்டினி. அந்தப் பிள்ளை மட்டும் அம்மா மடியில சப்பு சப்புன்னு பால் குடிச்சான். ஐயாயிரத்து நாப்பத்தொரு பேர்ல அன்னைக்கு வயிறு நிறைஞ்சது அவன் ஒருத்தனுக்குத்தான்.

அவ்வளவுதான் பவுனு, கதை முடிஞ்சுபோச்சு. கண்ணை மூடிக்கோ. நான் இங்கயேதான் இருக்கேன். தூங்கு.